இரண்டு அதிர்வு, ஒரே சுரம்

கருந்துளை எண்டு கதை தொடங்கினால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "அதுக்குள்ள விழுந்தா என்ன நடக்கும்?" என்பதுதான். எங்களைக் கொஞ்சக் காலமாகப் பிடித்து வைத்திருக்கிற கேள்வி வேறு. கருந்துளையைத் தட்டினால் அது எப்படி அதிரும்?

கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். தட்டுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? தோல் இல்லை, உலோகம் இல்லை, வளைந்து போன வெளியும் காலமும்தான். ஆனால் அந்த வெளியே அதிரும். இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானால், புதிதாக உண்டான கருந்துளை கோணல்மாணலாகக் கொஞ்ச நேரம் நடுங்கும். பிறகு தன் ஒழுங்கான வடிவுக்கு வந்து அடங்கிவிடும். கோயில் மணியை அடித்துவிட்டுக் கயிற்றை விட்டால் சத்தம் தேய்ந்து தேய்ந்து போகுமே, அதே மாதிரி. மணிக்கு ஒரு சுரம் இருப்பதுபோலக் கருந்துளைக்கும் ஒரு சுரம் உண்டு.

இது கற்பனை இல்லை. 2015 செப்டெம்பர் 14ஆம் திகதி அமெரிக்காவிலுள்ள லைகோ உணரிகளில் முதலாவது ஈர்ப்பலை பதிவானது. சூரியனைப் போல ஏறக்குறைய 36 மடங்கும் 29 மடங்கும் திணிவுள்ள இரண்டு கருந்துளைகள் சேர்ந்து 62 மடங்கு திணிவுள்ள ஒன்றாகின. மிச்ச 3 சூரியன் அளவு திணிவு அலையாகப் போய்விட்டது. கடைசி நடுக்கத்தின் மீடிறன் 250 ஹேர்ட்ஸ் அளவு. ஆர்மோனியப் பெட்டியில் நடுவாக இருக்கிற ஒரு கட்டையின் சுரத்துக்குக் கிட்ட வரும். 4 மில்லிசெக்கனில் அதன் வீச்சம் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கிவிட்டது. ஒரு தட்டு, ஒரு சின்ன நடுக்கம், அவ்வளவுதான். அந்தச் சின்ன நடுக்கத்துக்குள் எவ்வளவு கிடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்கட வாசிப்பு வட்டம் தொடங்கினது 2022இல். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்த காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கரண்ட் வந்தால் போனைச் சார்ஜ் போடுறது, போனால் மொட்டைமாடியில் ஏறி இருந்து கதைக்கிறது. வட்டம் எண்டதும் பெரிய ஆக்கள் என்று நினைக்க வேண்டாம். இணைந்த கணிதம் ரியூசன் குடுக்கிற அண்ணை ஒருவர், பௌதிகவியல் படித்து முடித்துவிட்டு வங்கியில் வேலை செய்கிற அக்கா ஒருவர், உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த இரண்டு தம்பிமார், வேலை தேடிக்கொண்டிருந்த மிச்ச ஆக்கள். பிறகு ஒருத்தன் கனடாவுக்குப் போய், அங்கிருந்து இரவு நேரத்தில் வீடியோவில் வரத் தொடங்கினான். விதி ஒன்றே ஒன்றுதான்: எதை வாசித்தாலும் தமிழில் விளங்கப்படுத்த வேண்டும்.

அந்த விதி லேசான விதி இல்லை. நாங்கள் உயர்தரம் வரைக்கும் தமிழில் படிக்கிறோம். கெம்பசுக்குப் போன முதல் கிழமையே பௌதிகவியல் இங்கிலிசாகிவிடும். தெரிந்த விசயமே வாயில் வராது. சரி, தமிழ்நாட்டுப் புத்தகங்களை எடுத்து வாசிப்பம் எண்டால் அங்கே வேறு சிக்கல். நாங்கள் 'திணிவு' என்பதை அவர்கள் 'நிறை' என்கிறார்கள். எங்களுக்கோ நிறை எண்டால் புவியீர்ப்பு இழுக்கிற விசை. எங்கட 'மீடிறன்' அங்கே 'அதிர்வெண்'. எங்கட 'பெறுதி' அங்கே 'வகைக்கெழு'. எங்கட 'ஆர்முடுகல்' அங்கே 'முடுக்கம்'. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு ஒரு அட்டவணை போட்டோம். இடப்பக்கம் எங்கட சொல், வலப்பக்கம் அவர்கள் சொல். சொல்லை மாற்றிப் போட்டாலும் கணக்கின் விடை மாறுவதில்லை.

இந்தக் கடைசி வசனத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள். பௌதிகவியலில் 'இருமை' எண்டு சொல்வது கிட்டத்தட்ட இதைத்தான். ஒன்றையொன்று ஒட்டாத மாதிரித் தெரிகிற இரண்டு விவரணங்கள் இருக்கும். ஒன்றில் இருப்பதை மற்றதுக்கு மாற்ற ஒரு அட்டவணை இருக்கும். மாற்றிப் பார்த்தால் அளக்கக்கூடிய விடைகள் எல்லாம் ஒன்றாகவே வரும்.

இனிக் கருந்துளைக்கு வருவோம். அதைச் சுற்றியுள்ள வெளியை இரண்டு விதமாகக் குலுக்கலாம். ஒன்று அமத்துவது. இறப்பர்ப் பந்தை இரண்டு பக்கத்தாலும் அமத்தினால் மற்றப் பக்கத்தால் பிதுங்கும், விட்டால் திரும்பி வரும். மற்றது முறுக்குவது. ஈரச் சாரத்தைப் பிழியும்போது ஒரு கை ஒரு பக்கமும் மற்றக் கை எதிர்ப்பக்கமும் திரும்புமே, அப்படி.

இந்த இரண்டு அதிர்வும் திண்மப் பொருள்களிலும் உண்டு. எங்கட பூமியே இப்படி அதிரும். 1960இல் சிலி நாட்டில் வந்த பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் இதை முதன்முதலில் தெளிவாக அளந்தார்கள். பூமி அமத்தி விரிகிற மிக மெதுவான அதிர்வுக்கு ஒரு தடவைக்கு 54 நிமிடம் எடுக்கும். முறுக்குகிற மிக மெதுவான அதிர்வுக்கு 44 நிமிடம். 2004 டிசம்பர் 26இல் சுனாமியைக் கொண்டுவந்த சுமாத்திரா நிலநடுக்கத்துக்குப் பிறகும் பூமி வாரக்கணக்காக இப்படி அதிர்ந்துகொண்டிருந்தது. கரையில் நாங்கள் ஆக்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில், காலுக்குக் கீழே முழுப் பூமியும் ஒருவருக்கும் கேட்காத ஒரு சத்தத்தில் நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. இதை வாசித்த இரவு நாங்கள் கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

கவனிக்க வேண்டியது 54, 44 என்ற இரண்டு எண்களும் வேறு வேறாக இருப்பதைத்தான். இருக்கத்தானே வேண்டும். அமத்துவது ஒரு வேலை, முறுக்குவது இன்னொரு வேலை. இரண்டும் ஒரே மீடிறனில் அதிர ஒரு காரணமும் இல்லை.

கருந்துளையில் ஒன்றாக இருக்கிறது.

1957இல் ரெஜ்ஜேயும் வீலரும் முறுக்கு அதிர்வுக்கான சமன்பாட்டை எழுதினார்கள். அலை ஒன்று கருந்துளைக்குக் கிட்டப் போகும்போது ஏற வேண்டிய ஒரு மேடு மாதிரி அந்தச் சமன்பாடு இருக்கும். மேட்டின் வடிவத்தை ஒரு வரியில் எழுதிவிடலாம். அமத்தும் அதிர்வு அவ்வளவு சுலபத்தில் பிடிபடவில்லை. அதற்கான சமன்பாட்டைச் செரில்லி 1970இல்தான் எழுதி முடித்தார். அந்த மேட்டின் சூத்திரம் நீளமானது, சிக்கலானது, பார்த்தால் முறுக்கு மேட்டுக்கும் இதுக்கும் ஒரு சொந்தமும் இல்லாத மாதிரி இருக்கும். அதே 1970இல் விஸ்வேஸ்வரா என்ற பெங்களூரைச் சேர்ந்த பௌதிகவியலாளர் கருந்துளை இப்படித் தேய்ந்து போகும் சுரத்தில் அதிரும் என்று காட்டியிருந்தார். இரண்டு மேட்டிலிருந்தும் வரும் மீடிறன்களைக் கணித்துப் பார்த்தால் எல்லாம் ஒன்று. அடிப்படைச் சுரம், அதுக்கு மேலுள்ள மேற்றொனிகள், அவை தேயும் வேகம், ஒன்றிலும் வித்தியாசமில்லை. சுற்றுகிற கருந்துளைக்கும் இப்படித்தான்.

இது ஏன் என்று தேடிப் போனவர் எங்களுக்குத் தெரிந்த பெயர்தான்: சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910இல் லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சென்னையில் படித்தவர். 1930இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும்போது அவருக்கு 19 வயது. அந்தப் பயணத்தில்தான் சூரியனைப் போல 1.4 மடங்குக்கு மேல் திணிவுள்ள வெண்குள்ள நட்சத்திரம் தன்னைத் தாங்கிக்கொள்ள ஏலாது என்ற கணக்கைத் தொடங்கினார். 1935 ஜனவரி 11இல் லண்டன் வானியற் கழகத்தில் அதை வாசித்தார். அடுத்ததாக எழும்பிப் பேசிய எடிங்ரன் அதை எல்லார் முன்னாலும் நையாண்டி செய்தார். கணக்குப் பிழை என்று எடிங்ரனால் காட்ட முடியவில்லை. ஒரு நட்சத்திரம் அப்படி அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை விடாது என்பதுதான் அவர் வாதம்.

பிறகு சந்திரசேகர் அந்தத் துறையை விட்டு வேறு துறைகளுக்குப் போய், 60 வயதுக்குப் பிறகு கருந்துளைக்குத் திரும்பி வந்தார். 1975இல் டெற்வைலருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அந்த இரண்டு மேடுகளுக்கும் உள்ள சொந்தம் வெளியே வந்தது. ஒரே ஒரு சார்பு இருக்கிறது. அதன் வர்க்கத்தையும் அதையும் குறித்த எண்களால் பெருக்கிக் கூட்டுங்கள். அதோடு அந்தச் சார்பின் பெறுதியைக் கூட்டினால் ஒரு மேடு வரும், கழித்தால் மற்ற மேடு வரும். அவ்வளவுதான். இவ்வளவு காலமும் சொந்தமில்லை என்று தெரிந்த இரண்டுக்கும் இடையில் இருந்தது ஒரு சக, ஒரு சய.

இதை எங்கட வட்டத்தில் முதலில் போட்டுக் காட்டினது உயர்தரம் முடித்த தம்பிமாரில் ஒருவன். சுவரில் கரிக்கட்டியால் எழுதினான். கூட்டி ஒருக்கா, கழித்து ஒருக்கா. விடை வந்தவுடன் ரியூசன் அண்ணை, "டேய், இது சோதினையில வாற கணக்கு மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். உண்மைதான். அதைச் செய்யத் தேவையான வகையீடு உயர்தரப் பாடத்திட்டத்துக்குள்தான் இருக்கிறது.

இதுக்குப் பின்னால் இன்னும் பழைய ஒரு சமச்சீர் நிற்கிறது. மின்னும் காந்தமும் படித்தவர்களுக்கு மக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் தெரிந்திருக்கும். ஏற்றமோ ஓட்டமோ இல்லாத வெற்றிடத்தில், மின்புலம் இருந்த இடத்தில் காந்தப்புலத்தையும், காந்தப்புலம் இருந்த இடத்தில் குறி மாற்றி மின்புலத்தையும் போட்டால் சமன்பாடுகள் அப்படியே இருக்கும். எது மின், எது காந்தம் என்று வெற்றிடத்துக்குக் கவலையில்லை. ஈர்ப்பிலும் இப்படி இரண்டு முகம் உண்டு. கடலை இழுத்து வற்றுப்பெருக்கை உண்டாக்குகிற மாதிரி நீட்டிச் சுருக்குவது 'மின்' முகம். வெளியை முறுக்கி இழுப்பது 'காந்த' முகம். மெல்லிய ஈர்ப்பலைகளுக்கு ஐன்ஸ்ரைனின் சமன்பாடுகளிலும் அதே இடமாற்றம் பொருந்தும். கருந்துளையின் அமத்தலும் முறுக்கலும் ஒரே சுரத்தில் ஒலிப்பதை இந்த இருமையின் நிழல் என்று பார்க்கிறவர்கள் உண்டு.

சரி, ஐன்ஸ்ரைனின் சமன்பாடுகள்தான் கடைசி வார்த்தையா?

இல்லை என்று நினைக்கக் காரணங்கள் இருக்கின்றன. நியூற்றனின் விதியில் இடத்தின் இரண்டாம் பெறுதி வரைக்கும்தான் வரும், அதுதான் ஆர்முடுகல். ஐன்ஸ்ரைன் 1915இல் எழுதினதிலும் இரண்டாம் பெறுதி வரைக்கும்தான். ஆனால் அந்தக் கொள்கையைக் குவாண்டம் பொறிமுறையோடு சேர்த்துக் கணிக்கப் போனால் முடிவிலிகள் கிளம்புகின்றன. 1974இல் 'ற் ஹூஃப்ற்றும் வெல்ற்மனும் முதற்படிக் கணக்கைச் செய்தார்கள். 1985இல் கொரொஃப், சக்னொற்றி இருவரும் இரண்டாம் படியைச் செய்தபோது, வெறும் ஈர்ப்பில்கூட முடிவிலி வந்தது. அதைச் சரிக்கட்ட வளைவின் மூன்றாம் அடுக்கைக் கொண்ட ஒரு உறுப்பைச் சமன்பாட்டில் சேர்க்க வேண்டும். வளைவு என்பதே இரண்டு பெறுதிகளால் ஆனது. ஆகவே மூன்றாம் அடுக்கில் ஆறு பெறுதிகள், நான்காம் அடுக்கில் எட்டு. இவற்றைத்தான் உயர் பெறுதி ஈர்ப்புக் கொள்கைகள் என்கிறார்கள்.

இங்கே ஒரு பழைய எச்சரிக்கையும் இருக்கிறது. 1850இலேயே ஒஸ்ற்றொகிராட்ஸ்கி என்ற ரஷ்யக் கணிதர், இரண்டுக்கு மேற்பட்ட பெறுதிகள் வரும் தொகுதிகளில் பொதுவாகச் சக்திக்கு ஒரு அடிமட்டம் இல்லாமற் போய்விடும் என்று காட்டினார். அடிமட்டம் இல்லாத தொகுதி நிலைத்து நிற்காது. அதனால் இந்த உறுப்புகளைச் சின்னத் திருத்தங்களாக மட்டும் எடுக்கிறார்கள். ஊசலை நினைத்துப் பாருங்கள். சைன் தீற்றாவைத் தீற்றா என்று எடுத்துத்தானே ஆவர்த்தன காலச் சூத்திரத்தை நிறுவினோம். அது சின்ன வீச்சுக்குச் சரி. 20 பாகைக்கு இழுத்து விட்டால் உண்மையான ஆவர்த்தன காலம் சூத்திரம் சொல்வதைவிட 100க்கு 0.8 அளவு கூட. ஊசல் பிழைக்கவில்லை, சூத்திரத்துக்கு அடுத்த உறுப்பு தேவைப்படுகிறது. ஐன்ஸ்ரைனின் கொள்கைக்கும் அடுத்த உறுப்புகள் எவை என்பதுதான் கேள்வி. நாங்கள் வாழும் நாற்பரிமாண வெளியில், வெற்றிடத்தில், வளைவின் வர்க்கத்தைக் கொண்ட திருத்தம் கருந்துளையில் ஒரு மாற்றமும் காட்டாது. மூன்றாம், நான்காம் அடுக்குகளில்தான் மாற்றம் தொடங்கும்.

அந்தத் திருத்தங்களைச் சேர்த்துவிட்டுக் கருந்துளையைத் தட்டினால், பொதுவாக இருமை உடைந்துவிடுகிறது. அமத்தலுக்கு ஒரு சுரம், முறுக்கலுக்கு இன்னொரு சுரம். மணியில் மெல்லிய கீறல் விழுந்த மாதிரி. ஈர்ப்பலை போகும் விதமும் மாறுகிறது. கல்சைற்றுப் பளிங்கை எழுத்துக்கு மேல் வைத்தால் ஒரு எழுத்து இரண்டாகத் தெரியும், ஒளியின் இரண்டு முனைவாக்கமும் பளிங்குக்குள் வேறு வேறு கதியில் போவதால். திருத்தப்பட்ட வெளியில் ஈர்ப்பலைக்கும் அப்படி நடக்கிறது. வெற்றிடமே ஒரு பளிங்கு மாதிரியாகிவிடும்.

இதில் எங்களை உலுப்பின முடிவு 2024இல் வந்தது. பாப்லோ கானோ, மரினா டேவிட் என்ற இரண்டு பேர், எட்டுப் பெறுதி வரைக்குமான எல்லாத் திருத்தங்களையும் எடுத்து ஒரு கேள்வி கேட்டார்கள்: இதில் எந்தத் திருத்தம் இருமையைக் காப்பாற்றும்? மீடிறன் மிகக் கூடிய எல்லையில் அவர்கள் கண்ட விடை, ஒன்றே ஒன்று. மூன்றாம் அடுக்கு இருக்கவே கூடாது. நான்காம் அடுக்கில் வருகிற இரண்டு எண்களும் சமமாக இருக்க வேண்டும். அப்படியான ஒரு திருத்தம் ஏற்கெனவே தெரிந்ததுதான். இழைக் கொள்கையின் 'இரண்டாம் வகை' என்ற வடிவத்திலிருந்து 1986இல் குரொஸ், விற்றன் இருவரும் கணித்த திருத்தம் அதே வடிவம். அந்தத் திருத்தத்துக்கு முன்னால் நிற்கிற எண்கூட அழகானது: 1 இன் கனத்தின் தலைகீழ், 2 இன் கனத்தின் தலைகீழ், 3 இன் கனத்தின் தலைகீழ் என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டு போனால் வருகிற 1.202 என்ற எண் அதில் இருக்கிறது.

அன்றைக்கு எங்களுக்குள் பெரிய சண்டை. வங்கி அக்கா சொன்னா, "பாத்தியளே, இயற்கைக்கு இருமை பிடிச்சிருக்கு. எங்க உடைஞ்சாலும் திரும்பி அதுக்கே வருது." கனடாவிலிருந்து அவன் விடவில்லை. "அக்கா, எடிங்ரனும் இப்படித்தானே சொன்னவர்? தனக்குப் பிடிச்சதை இயற்கைக்கும் பிடிக்கும் எண்டு."

அந்தக் கேள்வியை நாங்கள் லேசாகத் தள்ளிவிடவில்லை. அழகு என்பது சாட்சியா? எடிங்ரனுக்கு அழகாகப் பட்டது, நட்சத்திரங்கள் எல்லாம் அமைதியாகக் குளிர்ந்து முடியும் ஒரு உலகம். சந்திரசேகரின் கணக்கு அந்த அழகைக் கெடுத்தது. கணக்குத்தான் சரியாக வந்தது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, 1935க்கு 48 வருசம் கழித்து. அதே சந்திரசேகர்தான் பின்னாளில் விஞ்ஞானத்தில் அழகைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினவர். அவர் அழகைத் தேடினார், ஆனால் அழகைக் காட்டிக் கணக்கை மறுக்கவில்லை. எங்களுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியமாகப் பட்டது. கானோவும் டேவிட்டும் இருமை இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. இருந்தால் எப்படி இருக்கும் என்று கணித்தார்கள். வேறு பாதையால் வந்த ஒரு கொள்கை அதே இடத்தில் நிற்பதைக் கண்டார்கள். அது நிறுவல் ஆகாது. ஆனால் தற்செயல் என்று விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை.

அளந்து பார்த்தால் சண்டை முடியுமே என்று ஒருத்தர் கேட்டார். அளக்கும் கணக்கையும் போட்டோம். 62 சூரியத் திணிவுள்ள கருந்துளையின் ஆரை 180 கிலோமீற்றர் அளவு. புதுப் பௌதிகவியல் தொடங்கும் நீளம் பிளாங்க் நீளம், அதாவது ஒரு மீற்றரை ஒன்றுக்குப் பின்னால் 35 பூச்சியம் போட்ட எண்ணால் பிரித்தால் வருகிற அளவு என்று எடுத்தால், இரண்டுக்கும் உள்ள விகிதத்தின் ஆறாம் அடுக்குத்தான் எட்டுப் பெறுதித் திருத்தத்தின் பருமன். 40 தசம தானங்கள், ஆறு தடவை. அதாவது ஒன்றுக்குப் பின்னால் 240 பூச்சியங்கள் போட்ட எண்ணில் ஒரு பங்கு. 2025 ஜனவரி 14இல் வந்த ஈர்ப்பலை 2015இல் வந்ததைவிட மூன்று மடங்களவு தெளிவாக இருந்தது. அடிப்படைச் சுரத்தையும் ஒரு மேற்றொனியையும் பிரித்துக் கேட்க முடிந்தது. பெரிய சாதனைதான். ஆனால் 240 பூச்சியத்துக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. புதுப் பௌதிகவியல் எதிர்பார்த்ததைவிடப் பெரிய நீளத்தில் தொடங்கினால் மட்டும்தான் கருவிகளுக்கு ஏதாவது கேட்கும். அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்ப ஏன் இதைப் படிக்கிறது?

இந்தக் கேள்வி எங்களுக்கு மேடைப்பேச்சுக்கு வந்த கேள்வி இல்லை. சுவரில் கரிக்கட்டியால் எழுதின தம்பிக்கு முடிவு வந்தது. பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி காணாது, பௌதிக விஞ்ஞானம் கிடைத்தது. திரும்ப ஒருக்கா எடுக்கச் சொல்லி வீட்டில் நின்றார்கள். அவன்ர அப்பா மேசன் வேலை செய்கிறவர். ஒரு நாள் எங்களிடமே வந்து கேட்டார். "பிள்ளையள், நீங்கள் படிச்ச ஆக்கள். உதைப் படிச்சா இவனுக்கு என்ன வேலை கிடைக்கும் எண்டு உள்ளதைச் சொல்லுங்கோ."

நாங்கள் உள்ளதைத்தான் சொன்னோம். வேலை உறுதியில்லை, ஐயா. எங்களிலேயே பௌதிகவியல் படித்தவ வங்கியில் காசு எண்ணுறா. மேலே படிக்க வேண்டுமெண்டால் வெளிநாடு போக வேண்டி வரும். போனவர்களில் கனபேர் திரும்பி வாறதில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சுவரைக் காட்டி, "உது இவன்தான் எழுதினவனோ?" என்று கேட்டார். ஓம் என்றோம். "விளங்கி எழுதினவனோ?" ஓம், ஐயா. எங்களுக்கும் விளங்கப்படுத்தினவன். வேறொன்றும் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த கிழமை தம்பி பதிவுக்கான கடிதத்தோடு வந்தான்.

இதைப் பெரிய வெற்றிக் கதையாக நாங்கள் சொல்ல வரவில்லை. கெம்பசில் முதல் வருசம் அவன் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். வகுப்பில் கேள்வி கேட்டால் விடை தெரியும், இங்கிலிசில் எழும்பிச் சொல்லத் தெரியாது. பின்வாங்கில் இருந்து பேசாமல் எழுதிக்கொண்டு வருவான். சனிக்கிழமை எங்களிடம் வந்து தமிழில் எல்லாத்தையும் கொட்டுவான். அப்படிக் கொட்டினதில்தான் ரெஜ்ஜே, வீலர், செரில்லி எல்லாம் எங்களுக்கு ஒழுங்காக விளங்கினது. அவனுக்கும் அப்போதுதான் விளங்கினதாம். ஒரு விசயத்தை இரண்டு பாசையில் சொல்லிப் பார்க்கும்போது, எது சொல்லின் வேலை, எது பொருளின் வேலை என்று பிரியத் தொடங்கும். சொல்லோடு சேர்ந்து மாறுவதைத் தள்ளிவிட்டால், மாறாமல் நிற்பதுதான் பௌதிகவியல். இருமையைப் படித்ததில் எங்கட கைக்கு வந்த முதல் பயன் இதுதான். கூலி கிடைக்கிற பயன் இல்லை. ஆனால் தமிழில் படித்தவன் விளங்காதவன் இல்லை என்று அவன் தனக்குத் தானே நிறுவிக்கொள்ள அது உதவினது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கட நாட்டில் எல்லாத்தையும் 'இதால என்ன வரும்' என்ற ஒரு அளவுகோலால் அளக்கப் பழகிவிட்டோம். பெற்றோல் வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு அதைப் பிழை என்று சொல்லவும் ஏலாது. பசிக்கு முன்னால் கருந்துளை என்ன கருந்துளை. ஆனால் 1957இல் முறுக்கு அதிர்வைக் கணித்தவர்கள் ஈர்ப்பலை அளக்கப்படும் என்று காத்திருந்து கணிக்கவில்லை. 58 வருசத்துக்குப் பிறகு, அவர்கள் கணித்த வகையான நடுக்கம் 4 மில்லிசெக்கனுக்கு வந்தபோது, அதைக் கேட்க ஆக்களுக்குத் தெரிந்திருந்தது. கணக்கு முதலில் இருந்ததால்தான் அந்த நடுக்கத்துக்கு அர்த்தம் இருந்தது. 240 பூச்சியமும் ஒரு நாள் குறையலாம், குறையாமலும் போகலாம். கணக்கு இருக்கும்.

இப்போது சனிக்கிழமைகளில் நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பது, இந்த இருமை மீடிறன் மிகக் கூடிய எல்லையில் மட்டுமா தங்கும், கீழே உண்மையான கருந்துளைகள் அதிரும் சுரங்களிலும் தங்குமா என்பதை. தம்பி இப்போது மூன்றாம் வருசம். போன கிழமை அவன் கொண்டுவந்த கொப்பியில் செரில்லியின் மேட்டுக்கு ஒரு திருத்த உறுப்பைச் சேர்த்துப் பாதி வழியில் விட்டிருந்தான். மிச்சத்தை ரியூசன் அண்ணை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். வரும் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அதைத்தான் போட்டுப் பார்க்கப் போகிறோம். கிட்ட இருக்கிறவர்கள் வரலாம். தூர இருக்கிறவர்கள் கனடாக்காரனோடு சேர்ந்து வீடியோவில் வரலாம். உயர்தர வகையீடு ஞாபகம் இருந்தால் போதும்.